வெள்ளைவால் மானின் உடற்கட்டு: குளிர் மட்டும் காரணமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வட அமெரிக்காவின் வெள்ளைவால் மான்களைப் பற்றி முழுப் பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். இந்த விலங்குக்குத் தமிழில் இவ்வளவு இடம் கிடைத்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனால் இடத்துக்கு இடம் இந்த மானின் உடற்கட்டு ஏன் மாறுகிறது என்ற கேள்விக்குக் கட்டுரை ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டது: வடக்கே குளிர் அதிகம், அதனால் மான் பெரிது, தெற்கே வெயில் அதிகம், அதனால் மான் சிறிது. அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் விஸ்கான்சின் மாநிலத்தில், மேடிசனுக்கு அருகே வசிக்கிறேன். மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வேட்டைக்காரர்கள் சுட்ட மான்களைப் பதிவு செய்யும் நிலையங்களில் நவம்பர் மாதங்களில் தன்னார்வலராக நின்றிருக்கிறேன். 2015-ல் பதிவு முறை தொலைபேசிக்கும் இணையத்துக்கும் மாறும்வரை, மான்களை நேரில் கொண்டுவந்து காட்டுவதுதான் இங்கே வழக்கம். பல்லைப் பார்த்து வயது குறிப்பதும் தராசில் தொங்கவிட்டு எடை எழுதுவதும் அங்கே என் வேலை. ஆண்டு முழுவதும் மண்ணைச் சோதித்துவிட்டு நவம்பரில் மானை எடை போடுகிறவளுக்கு, இரண்டுக்கும் உள்ள தொடர்பு கண்ணில் படாமல் போகாது.

முதலில் எடை என்ற எண்ணைப் பற்றியே சொல்ல வேண்டும். உங்கள் கட்டுரையின் பட்டியலில் சில எடைகள் உயிரோடு இருக்கும் மானின் எடை; சில, குடலும் ஈரலும் நீக்கிய பிறகு தொங்கவிட்டுப் பார்த்த எடை. இரண்டும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து நிற்கின்றன. குடல் நீக்கிய எடை என்பது உயிர் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். 1926-ல் மினசோட்டாவில் சுடப்பட்ட புகழ்பெற்ற ஆண் மானையே எடுத்துக்கொள்ளுங்கள். குடல் நீக்கிய பிறகு அது 182 கிலோ இருந்தது. உயிர் எடை 232 கிலோ இருந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். இரண்டாவது எண்ணை யாரும் தராசில் பார்க்கவில்லை, கணக்கிட்டுச் சொன்னதுதான். இப்படியொரு மதிப்பீட்டையும் வேறோர் ஊரில் தராசில் தொங்கிய மானின் எடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இல்லாத வித்தியாசம் தோன்றும்; இருக்கிற வித்தியாசம் மறையும்.

எந்த மாதத்து எடை என்பதும் முக்கியம். இணைசேரும் பருவத்தில் ஆண் மான் தீனியை மறந்து பெண் மான்களின் பின்னால் அலையும். அக்டோபர் தொடக்கத்தில் கழுத்தும் தோளும் திரண்டு நிற்கும் அதே மான், டிசம்பரில் உடல் எடையில் ஐந்தில் ஒன்றோ நான்கில் ஒன்றோ இழந்து விலா தெரிய நிற்கும். வயதும் அப்படித்தான். ஒன்றரை வயது ஆண் மானுக்குக் கால் நீண்டு உடம்பு மெலிந்திருக்கும். நான்கு, ஐந்து வயதில்தான் மார்பு அகன்று முழுக் கட்டு வரும். எனவே மானைத் தராசில் ஏற்றும் முன் தாடையைத் திறந்து பார்ப்போம். மூன்றாம் முன்கடைவாய்ப் பல் மூன்று முகடுகளோடு இருந்தால் அது பால்பல். மானுக்கு ஒன்றரை வயதுக்கு மேல் ஆகவில்லை. அது விழுந்து இரண்டு முகடுள்ள பல் முளைத்திருந்தால் வயது அதற்கு மேல். பிறகு கடைவாய்ப் பற்களின் தேய்மானத்தைப் பார்த்து ஆண்டு சொல்ல வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் செவரிங்ஹாஸ் என்ற ஆய்வாளர் 1949-ல் வகுத்துக் கொடுத்த இந்த முறையைத்தான் கண்டம் முழுவதும் பின்பற்றினார்கள். ஒரே வயது, ஒரே பால், ஒரே மாதம் என்று பொருத்திப் பார்க்காமல் இரண்டு பகுதிகளின் மான்களை ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

இவ்வளவும் பொருத்திப் பார்த்த பிறகும் வித்தியாசம் மிகப் பெரியதுதான். அதை நான் மறுக்கவில்லை. கனடாவை ஒட்டிய வட மாநிலங்களில் முதிர்ந்த ஆண் மான் 130 கிலோவைத் தாண்டுவதுண்டு. ஃபுளோரிடாவின் தென்கோடித் தீவுகளில் வாழும் கீஸ் மானில் முதிர்ந்த ஆணே 25 முதல் 34 கிலோதான். பெண் இன்னும் சிறியது; தோள் உயரம் ஒரு மீட்டரைத் தொடாது. அரிசோனா, நியூ மெக்சிகோ மலைகளின் கூஸ் மானில் ஆண் 45 கிலோவை எட்டுவதே அரிது. எடை மட்டும் மாறுவதில்லை, அமைப்பும் மாறுகிறது. கூஸ் மானின் காதும் வாலும் அதன் உடம்புக்குப் பெரியவை. கீஸ் மானின் கால் குட்டை, உடல் திரட்சி, மண்டையோடு அகலம். எங்கள் ஊர் மான் பீப்பாய் போன்ற உடம்பும் பருத்த கழுத்தும் கொண்டது. குளிர்காலத்தில் அதன் மேல்மயிர் உள்ளே துளையுள்ளதாக, அடியில் அடர்ந்த மென்மயிரோடு இருக்கும். பழைய வகைப்பாட்டில் இந்த ஒரே இனத்துக்குள் 38 துணையினங்கள் வரை எண்ணியிருக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

குளிர்தான் காரணம் என்ற விளக்கத்துக்கு மூலம், ஜெர்மானியரான கார்ல் பெர்க்மன் 1847-ல் சொன்ன கருத்து. உடம்பு பெருக்கப் பெருக்க, அதன் பருமனோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு குறைகிறது. மேற்பரப்பு குறைந்தால் வெளியேறும் வெப்பமும் குறையும். ஆகவே குளிர்நாட்டு விலங்கு பெரிதாக இருக்கும் என்பது அவர் வாதம். காதும் வாலும் கால்களும் வெப்பநாட்டில் நீண்டிருக்கும் என்பதை 1877-ல் அமெரிக்க விலங்கியலாளர் ஆலன் சேர்த்தார். இரண்டிலும் உண்மை உண்டு. பெரிய உடம்பில் கொழுப்பும் அதிகம் சேரும், அதனால் பனிக்காலப் பட்டினியை நெடுநாள் தாங்கும். இதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வனவிலங்கு ஆய்வாளர் வலேரியஸ் கைஸ்ட் 1987-லேயே பெர்க்மன் விதி செல்லாது என்று நேரடியாக எழுதினார். விலங்கு வளரும் பருவத்தில் அதற்குக் கிடைக்கும் தீனிதான் அளவைத் தீர்மானிக்கிறது என்பது அவர் கட்சி. அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. எனினும் வெள்ளைவால் மானைப் பொறுத்தவரை, நான் கண்ட வரையில், கைஸ்ட் பக்கமே சாட்சிகள் அதிகம்.

எங்கள் மாநிலத்தையே எடுத்துக்கொள்கிறேன். விஸ்கான்சினின் வட பகுதி தெற்கைவிடக் கடுங்குளிர் நாடு. பனி ஆழம், மான்கள் தேவதாரு வகை மரங்கள் அடர்ந்த சதுப்புகளில் கூட்டமாக ஒதுங்கி மாதக்கணக்கில் சுள்ளி தின்று காலம் தள்ளும். குளிர்தான் மானைப் பெரிதாக்கும் என்றால் அங்கேதான் பெரிய மான் இருக்க வேண்டும். ஆனால் தெற்கே, மக்காச்சோளமும் சோயாவும் குதிரைமசாலும் விளையும் வயல்நாட்டு மான்தான் அதே வயதில் அதிக எடை நிற்கிறது. நியூயார்க் மாநிலத்திலும் இதே கதைதான். அடிரான்டாக் மலைக்காட்டின் குளிரில் வளரும் மானைவிட மேற்குப் பகுதிப் பண்ணை நிலத்து மான் கனமானது.

மண்ணைப் பார்த்தால் காரணம் புரியும். எங்கள் வடக்கில் பழைய பனியாறுகள் விட்டுச் சென்ற மணல் அதிகம். அமிலத்தன்மை மிகுந்த மண். ஊசியிலைச் சருகு விழுந்து விழுந்து சத்து கீழே கரைந்து போய்விடுகிறது. சோதனைக்கு வரும் மாதிரிகளில் கால்சியமும் பாஸ்பரசும் சோகையாக இருக்கும். தெற்கில் பல இடங்களில் லோயஸ் என்ற, காற்று சுமந்து வந்து படியவைத்த நுண்மண். புல்வெளிகள் நூற்றாண்டுக் கணக்கில் மக்கிக் கறுத்த மண்ணும் அங்கே உண்டு. அதில் முளைக்கும் தளிரில் புரதமும் தாதுக்களும் கூடுதல். ஆண் மானுக்கோ ஆண்டுதோறும் கொம்பு உதிர்ந்து புதிதாக முளைக்கிறது. சில மாதங்களில் அத்தனை எலும்பை உருவாக்க அது தன் விலா எலும்பிலிருந்தே தாதுக்களை எடுத்துச் செலவிடுகிறது. அந்தக் கடனைத் தீனியால்தான் அடைக்க வேண்டும். பெண் மானின் நிலையும் அப்படித்தான். பண்ணை நிலத்தில் பிறந்த பெண் குட்டிகளில் கணிசமானவை முதல் இலையுதிர்காலத்திலேயே சூல் கொள்கின்றன. வடகாட்டில் அது அரிது. அந்த வயதில் அவற்றின் உடம்பு அதற்குத் தயாராக இருப்பதில்லை.

இதைவிடத் தெளிவான சாட்சி கனடாவின் ஆன்டிகோஸ்டி தீவு. செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவில், 49 டிகிரி வட அகலாங்கில் இருக்கிறது. குளிருக்குப் பஞ்சமில்லை. சாக்லேட் தொழிலதிபர் ஆன்ரி மெனியே அந்தத் தீவை வாங்கி, 1896 - 97-ல் ஏறத்தாழ 220 மான்களைக் கொண்டுவந்து விட்டார். ஓநாய் இல்லை. மான்கள் பெருகி ஒரு லட்சத்தைத் தாண்டின. பால்சம் ஃபிர் என்ற ஊசியிலை மரத்தின் கன்றுகளையும் அகன்ற இலைச் செடிகளையும் தின்று தீர்த்து, காட்டின் முகத்தையே மாற்றிவிட்டன. தீனியின் தரம் சரிந்தது. கால் நூற்றாண்டுப் பதிவுகளை ஒப்பிட்டபோது மான்களின் இலையுதிர்கால எடையும் குறைந்துகொண்டே வந்திருந்தது. குளிர் அப்படியே இருக்க, உடம்பு மட்டும் சிறுத்தது. கூட்டத்தின் நெருக்கமும் தட்டின் வறுமையும் அல்லாமல் வேறென்ன காரணம் சொல்ல முடியும்?

தெற்கே வந்தாலும் அந்த ஒரு வரி நிற்கவில்லை. என் மகள் குடும்பம் டெக்சாஸில், சான் ஆன்டோனியோவுக்கு வடக்கே மலைநாடு என்று சொல்லப்படும் பகுதியில் இருக்கிறது. அங்கே வீட்டு வாசலிலேயே மான்கள் மேய்கின்றன. விஸ்கான்சினில் பழகிய கண்ணுக்கு முழு வளர்ச்சி அடைந்த பெண் மான்கூட முதலில் குட்டியாகத் தெரியும். சுண்ணாம்புப் பாறைமேல் விரலளவு மண். அதில் ஆடும் மாடும் பல தலைமுறையாக மேய்ந்திருக்கின்றன. கால்நடைகளையும் மான் குட்டிகளையும் கொன்றுவந்த சதைப்புழு ஈ 1960-களில் ஒழிக்கப்பட்ட பிறகு மான்கள் பல மடங்கு பெருகின. நம் புள்ளிமானும் அங்கே வந்து சேர்ந்திருக்கிறது. 1932-ல் கொண்டுவந்து விட்டார்கள். தளிரும் பூண்டும் தீர்ந்துவிட்டால் புள்ளிமான் புல்லுக்கு மாறிக்கொள்ளும். வெள்ளைவால் மானின் வயிறு புல்லை நம்பி வாழாது. ஆக நெருக்கடி வந்தால் மெலிவது அதுதான்.

அதே மலைநாட்டிலிருந்து இன்னும் தெற்கே, மெக்சிகோ எல்லையை நோக்கிப் போனால் வெயில் கூடுகிறது. பெர்க்மன் கணக்குப்படி மான் இன்னும் சிறுக்க வேண்டும். ஆனால் தென் டெக்சாஸ் புதர்நாட்டு மான்கள் மலைநாட்டு மான்களைவிடப் பெரியவை. கொம்புக்கும் பெயர் பெற்றவை. புரதம் மிகுந்த முட்புதர்த் தளிர்கள், நல்ல மழை பெய்த ஆண்டில் பொங்கி வரும் பூண்டுகள், மலைநாட்டு அளவுக்கு நெருக்கமில்லாத கூட்டம் ஆகியவையே காரணம். ஒரே மாநிலத்துக்குள், சில மணி நேரக் கார் பயணத்துக்குள் விதி தலைகீழாகிவிடுகிறது.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது தெற்கு டகோட்டாவில் நடந்த ஒரு வளர்ப்பு ஆய்வு. அதன் முடிவு 2009-ல் வெளிவந்தது. அந்த மாநிலத்தின் மேற்கே பிளாக் ஹில்ஸ் மலைக்காட்டு மான்கள் சிறியவை. கிழக்கே வயல்நாட்டு மான்கள் பெரியவை. இரண்டு பகுதித் தாய்மான்களின் குட்டிகளையும் ஒரே இடத்தில், ஒரே தரமான தீனி கொடுத்து வளர்த்தார்கள். முதல் தலைமுறையில் மலைக்காட்டு வழிவந்த ஆண் மான்கள் சிறுத்தே இருந்தன. இது பிறப்பிலேயே வந்தது, இனி மாறாது என்று அங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் அந்த முதல் தலைமுறைக்குப் பிறந்த குட்டிகளையும் வளர்த்துப் பார்த்தார்கள். இரண்டாம் தலைமுறை ஆண் மான்கள் கிழக்கத்திய மான்களின் அளவுக்கு வந்துவிட்டன. தாய் வயிற்றில் இருக்கும்போது தாய்க்குக் கிடைத்த தீனி, குட்டியின் வாழ்நாள் முழுவதற்குமான கட்டை வரைந்துவிடுகிறது. பிறகு எவ்வளவு ஊட்டினாலும் அந்தக் குட்டியால் அதை முழுதாகத் தாண்ட முடிவதில்லை. அதன் பிள்ளைதான் தாண்டுகிறது. ஓர் ஊரில் இன்று நிற்கும் மானைப் பார்த்தால், அதன் தாய் மெலிந்திருந்த பனிக்காலத்தையும் சேர்த்தே பார்க்கிறோம் என்று அர்த்தம். இந்த ஓர் ஆய்வுக்காகவாவது கட்டுரையில் நான்கு வரி ஒதுக்கியிருக்கலாம்.

பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. கீஸ் மான் அதற்கு உதாரணம். பனியூழிக்குப் பின் கடல்மட்டம் உயர்ந்து தீவுகள் பிரிந்தபோது பெருநிலத்திலிருந்து துண்டிக்கப்பட்ட கூட்டம் அது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் குறைந்த நிலம், குறைந்த நன்னீர், பைன் காடும் சதுப்புமரக் காடுமாக வாழ்ந்து இந்த அளவுக்கு வந்திருக்கிறது. பெரும்பாலும் ஒரு குட்டிதான் போடும். எங்கள் மான்கள் இரட்டையாகப் போடுவது இயல்பு. அதன் படத்துக்குக் கீழே "வளர்ச்சி குன்றிய மான்" என்று அச்சிட்டிருந்தீர்கள். அது தவறு, ஐயா. பசியால் சிறுத்த ஆன்டிகோஸ்டி மானை அப்படிச் சொன்னால் ஒருவகையில் பொருந்தும். கீஸ் மான் தன் தீவுக்கு முழு வளர்ச்சி அடைந்த மான். 1950-களின் தொடக்கத்தில் சில பத்து உருப்படிகளே மிஞ்சியிருந்தன. 1957-ல் பிக் பைன் தீவில் புகலிடம் அமைத்து, 1967-ல் அழியும் நிலையிலுள்ள உயிரினமாக அறிவித்து மீட்டெடுத்தார்கள். 2016-ல் அதே சதைப்புழு ஈ மீண்டும் நுழைந்து நூற்றுக்கும் மேற்பட்ட மான்களைக் கொன்றது. அடுத்த ஆண்டே இர்மா புயல் வந்தது. இவ்வளவையும் தாங்கி நிற்கிற உயிரைக் குறைப்பட்டது என்று ஒரு பிள்ளை உங்கள் தாளில் படித்து மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டாம்.

இதில் நான் கடுமையாகப் பேசுவதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. சிறிய மான் தாழ்ந்தது, பெரிய மான் உயர்ந்தது என்ற எண்ணம்தான், வடக்கத்திய ஆண் மானைக் கொண்டுபோய்த் தெற்கில் விட்டால் ஜாதி திருந்தும் என்ற ஆசையைத் தூண்டுகிறது. இருபதாம் நூற்றாண்டில் மான்கள் அழிந்துபோன தென் மாநிலங்கள் பலவற்றுக்கு விஸ்கான்சினிலிருந்தும் மான்களை அனுப்பினார்கள். அன்று அதற்கு நியாயம் இருந்தது; காடு வெறிச்சோடிக் கிடந்தது. ஆனால் அவை வடக்கத்திய உடம்புள்ள மான் கூட்டம் எதையும் அங்கே உண்டாக்கிவிடவில்லை. தென்னாட்டு மண்ணும் தீனியும் கொடுத்த அளவுக்கே வளர்ந்தன. இன்று அப்படி மான்களை ஊர் மாற்றுவது ஆபத்து. மானின் மூளையைச் சிதைத்துக் கொல்லும் நாட்பட்ட மெலிவு நோய் 2002-ல் எங்கள் மாநிலத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதுவும் நான் வசிக்கும் டேன் கவுண்டிப் பக்கத்தில்தான். நோய் தெரியாத நிலையில் இருக்கும் மானை வண்டியில் ஏற்றினால் நோயும் கூடவே போகும். பெரிய உடம்பு வேண்டும் என்பவர்கள் மானை மாற்ற வேண்டியதில்லை. கூட்டத்தைக் காடு தாங்கும் அளவுக்குக் குறைத்து, தளிரைத் தழைக்க விட்டால், இரண்டு தலைமுறையில் அங்கேயே பிறந்த மான் பெருக்கும்.

அடுத்த ஞாயிறு மெக்சிகோ, தென் அமெரிக்க வெள்ளைவால் மான்களைப் பற்றி எழுதப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். இந்த மான் பெரு, பொலிவியா வரை பரவியிருப்பது பலருக்கும் தெரியாது, அவசியம் எழுதுங்கள். ஆனால் வெனிசுவேலாச் சமவெளியின் மானையும் ஆண்டிஸ் மலையின் குளிர்ந்த மேட்டுப் புல்வெளி மானையும் வெப்பநாட்டு மான் என்று ஒரே கூடையில் போட வேண்டாம். இரண்டும் நிலநடுக்கோட்டுக்கு அருகில்தான் இருக்கின்றன, ஆனால் ஒன்று வெயிலிலும் மற்றொன்று உறைபனியிலும் வாழ்கிறது. அங்கெல்லாம் ஆண்டின் எல்லா மாதங்களிலும் குட்டி பிறக்கும், எல்லா மாதங்களிலும் கொம்போடு ஆண் மான் தென்படும் என்பதால், இலையுதிர்கால எடை என்று ஒன்றைக் கொண்டு எங்கள் மான்களோடு ஒப்பிடவும் முடியாது. பட்டியலில் ஒவ்வோர் எடைக்கும் எதிரே எந்த இடம், ஆணா பெண்ணா, என்ன வயது, எந்த மாதம், உயிர் எடையா குடல் நீக்கியதா என்று அச்சிடுங்கள். ஏதாவது ஒன்று கிடைக்காவிட்டால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள்.

அன்புடன்,
தங்கள் வாசகி,
டேன் கவுண்டி, விஸ்கான்சின்